அலை ஓய்ந்த பின் நீராடுவதோ?

 

"அலை எப்போது ஓய்வது, தலை எப்போது முழுகுவது?" என்பது தமிழகத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. செய்ய வேண்டிய செயலைச் செய்யாமல் நாளைக் கடத்துகின்றவனைப் பார்த்து வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இது. இப்பழமொழியின் பொருளையும், அது எந்த நூலில் எவ்வாறு இடம்பெற்றது என்பதையும், சமண அறநெறி அதற்குத் தரும் ஆழத்தையும் எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

பழமொழி காட்டும் காட்சியைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. விழா நடைபெறும் இந்தப் பெருங்குடியிலிருந்து கிழக்கு நோக்கிச் சென்று பக்கிங்காம் கால்வாயைக் கடந்தால் கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரைக் கடற்கரைகள் வந்துவிடும். கடலாட வந்த ஒருவன் அங்கே கரையில் நிற்கிறான் என்று கொள்வோம். மாற்றுடை கையில் இருக்கிறது. காலை நேரம், தெளிந்த வானம். ஆயினும் அவன் இறங்கவில்லை. ஏன் என்று கேட்டால், "அலை அடிக்கிறதே, சற்று ஓயட்டும்" என்கிறான்.

அந்த அலை ஓயுமா? கடலின் மேல் வீசும் காற்றே அலையை எழுப்புகிறது. கரையில் காற்று முற்றும் அடங்கிய நாளிலும், எங்கோ நடுக்கடலில் எழுந்த அலை பல நூறு கல் தொலைவைக் கடந்து வந்து கரையை மோதும். ஆகவே அலையற்ற கடற்கரை என்பது இயற்கையில் இல்லாத ஒன்று. அலைக்கிடையே இறங்கி, அலை வரும்போது தலை தாழ்த்தி, அருகில் நிற்பவரின் கையைப் பற்றிக்கொண்டு முழுகி எழுவதே கடலாடும் முறை. இதை அறியாத ஒருவன் கரையிலேயே நின்று பொழுதைக் கழித்துவிட்டு, தலை நனையாமலே வீடு திரும்புகிறான்.

இந்த மனிதனைப் பார்த்தால் சோம்பேறி போலத் தோன்றுவதில்லை என்பது கவனிக்கத்தக்கது. அவன் உறங்கவில்லை, திண்ணையில் சாய்ந்திருக்கவில்லை, கடற்கரை வரை நடந்து வந்திருக்கிறான். இறங்காமைக்கு ஒரு காரணமும் வைத்திருக்கிறான். தன்னைச் சோம்பல் என்று சொல்லிக்கொண்டு சோம்பல் ஒருவரிடமும் வருவதில்லை. அது முன்யோசனை என்ற பெயரிலும், கடமை என்ற பெயரிலும், சூழ்நிலை என்ற பெயரிலும் வருகிறது. வேலையின்றி இருப்பவனுடைய சோம்பலை ஊரே அறியும். ஓயாமல் வேலை செய்துகொண்டிருப்பவனுடைய சோம்பலை அவனும் அறிவதில்லை. இப்பழமொழி குறிப்பது இந்த இரண்டாம் வகைச் சோம்பலை.

இப்பழமொழியின் தொன்மையான எழுத்துச் சான்று நாலடியாரில் உள்ளது. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான நாலடியார், சமண முனிவர்கள் இயற்றிய நானூறு வெண்பாக்களின் தொகுதி. அதில் 34ஆம் அதிகாரம் பேதைமை. அவ்வதிகாரத்தின் இரண்டாம் பாடல், நூலின் வரிசையில் 332ஆவது. பெருங்கடலில் நீராடச் சென்றவர்கள், அதன் ஓசை முழுவதும் அடங்கிய பிறகு ஆடுவோம் என்று காத்திருந்த கதையை முனிவர் அங்கே உவமையாக்குகிறார். வீட்டில் எஞ்சியிருக்கும் வேலைகளையெல்லாம் முடித்துவிட்டு, அறச்செயலைப் பிறகு எண்ணிப் பார்ப்போம் என்று இருப்பவர்களுடைய பெருமை அத்தகையது என்று முடிக்கிறார்.

இப்பாடலில் மூன்று நுட்பங்கள் உள்ளன. முதலாவது, மக்கள் வழக்கு அலை ஓய்வதைச் சொல்ல, முனிவர் ஓசை அடங்குவதைச் சொல்கிறார். அலையின்மை மட்டும் போதாது, அரவமும் இருக்கக் கூடாது என்று அந்த மனிதர்கள் எதிர்பார்க்கிறார்கள். காத்திருப்பவனுடைய நிபந்தனை நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும் என்பதை இச்சொல் உணர்த்துகிறது. இரண்டாவது, இல்லறப் பணிகளை அவர் 'குறைவினை' என்று குறிப்பது. குறை என்பது இங்கே எஞ்சி நிற்பது. வீட்டு வேலைக்கு எப்போதும் ஓர் எச்சம் உண்டு. மகளின் திருமணம் முடிந்தால் மகனின் படிப்பு. படிப்பு முடிந்தால் வீட்டுக்கடன். கடன் தீர்ந்தால் பேரக்குழந்தை. ஓர் அலை மடியும்போதே அடுத்த அலை எழுந்துவிடுகிறது. மூன்றாவது, இத்தகையோரின் செயலை அவர் 'மாண்பு' என்று முடிப்பது. கடிந்துரைக்காமல், புகழ்வது போலச் சொல்லிச் சிரிக்கிறார். பேதைமை அதிகாரத்தில் இப்பாடலை வைத்திருப்பதால் அந்தப் புகழ்ச்சியின் உண்மைப் பொருள் விளங்கிவிடுகிறது.

இதற்கு முந்தைய பாடலும் அவ்வாறே 'மாண்பு' என்று முடிகிறது. அதில் வரும் உவமை ஆமை. உலைநீரில் இட்டு, கீழே தீ மூட்டிய பிறகும், தன் நிலையறியாமல் அந்த இளஞ்சூட்டு நீரில் மூழ்கி விளையாடுகிறது ஆமை. கூற்றுவன் காலம் பார்த்திருக்க, உலக வலைக்குள் களித்திருப்போரை அது குறிக்கிறது. இரு பாடல்களையும் சேர்த்துப் படித்தால் ஒரு நயம் புலப்படும். இரண்டிலும் நீர் உண்டு. இரண்டிலும் நீராடல் உண்டு. ஆடக் கூடாத நீரில் ஆமை ஆடுகிறது; ஆட வேண்டிய நீரில் மனிதன் ஆடாமல் நிற்கிறான். இருவருக்கும் காலம் கடந்துகொண்டிருக்கிறது என்ற உணர்வு இல்லை.

இங்கே ஓர் ஐயம் எழலாம். கடலிலும் ஆற்றிலும் மூழ்கினால் புண்ணியம் என்று நம்புவதை உலக மூடம் என்று சமணம் விலக்குகிறதே. சமந்தபத்திராச்சாரியார் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் அதனைத் தெளிவாகச் சொல்லியுள்ளாரே. அவ்வாறிருக்க, நாலடி முனிவர் கடலாடுதலை அறத்திற்கு உவமையாகச் சொல்லலாமா? முனிவர் கடல்நீரை அறமாகக் கொள்ளவில்லை. அக்காலத் தமிழ் மக்களின் வாழ்வில் கடலாடுதல் ஒரு பெருவிழா. சிலப்பதிகாரத்தில் ஒரு காதையே கடலாடு காதை என்று பெயர் பெற்றுள்ளது. மக்கள் கண்டறிந்த காட்சியை எடுத்து, அவர்கள் காணாத அறத்தை விளக்குவது ஆசிரியர் மரபு. உவமை மக்களுடையது, பொருள் முனிவருடையது.

மக்கள் வாய்மொழியை அறத்தின் கருவியாக்கியது இந்த ஒரு பாடல் மட்டுமன்று. முன்றுறை அரையனார் இயற்றிய பழமொழி நானூறு, பாட்டுக்கு ஒரு பழமொழியாக நானூறு பழமொழிகளைப் பொதிந்து வைத்துள்ளது. அசோக மர நிழலில் எழுந்தருளிய பெருமானை வணங்கித் தொடங்கும் அந்நூலும் சமணர் தந்த செல்வமே. உழவரும் வணிகரும் இல்லத்தரசியரும் பேசிய சொற்களை இழிவென்று ஒதுக்காமல் ஏட்டில் ஏற்றிய பெருமை அவர்களுக்கு உண்டு. இத்தகைய உவமை தமிழருக்கு மட்டும் உரியதும் அன்று. கிறித்து பிறப்பதற்கு முன் வாழ்ந்த ரோமானியக் கவிஞர் ஹொரேஸ், ஆறு முழுவதும் ஓடி வற்றிய பிறகு கடக்கலாம் என்று கரையில் நின்ற நாட்டுப்புறத்தானைத் தம் செய்யுள் மடல் ஒன்றில் குறிப்பிடுகிறார். அங்கே ஆறு, இங்கே கடல். கரையில் நிற்கும் மனிதன் எங்கும் ஒருவனே.

இனி, அம்மனிதன் பேசும் சொல்லைக் காண்போம். 332ஆம் பாடலில் அறத்தைத் தள்ளிப்போடுவோர் சொல்லும் சொல் 'மற்றறிவாம்' என்பது. பிறகு எண்ணிப் பார்ப்போம் என்பது அதன் பொருள். திருக்குறளில் அறன் வலியுறுத்தல் அதிகாரத்தில் 36ஆம் குறள், 'அன்றறிவாம்' என்று இராமல் அறம் செய்க என்கிறது. முதுமை வந்த அன்று பார்த்துக்கொள்வோம் என்பது அதன் கருத்து. நாலடியாரிலும் நான்காம் அதிகாரத்தின் பெயர் அறன் வலியுறுத்தல். அதன் 36ஆம் பாடலும் இறப்பு இன்றோ அன்றோ என்றோ என்று எண்ணியிராமல், அது பின்னாலேயே நிற்கிறது என்று கருதித் தீயவற்றை விலக்கச் சொல்கிறது. அதிகாரப் பெயரும் பாடல் எண்ணும் கருத்தும் இவ்விரு நூல்களிலும் ஒன்றாக அமைந்திருப்பது மனத்தில் இருத்த எளிது. பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவும் எளிது. அன்று 'அறிவாம்' என்றார்கள். இன்று 'அப்புறம் பார்க்கலாம்' என்கிறார்கள். சொல் மாறியதே தவிர, நோய் மாறவில்லை.

வள்ளுவர் மடியின்மை அதிகாரத்தில், கெடும் இயல்புடையோர் விரும்பி ஏறும் மரக்கலம் என்று நான்கு குணங்களைச் சொல்வார். காலம் நீட்டித்தல், மறதி, சோம்பல், அளவிறந்த உறக்கம் என்பன அவை. அந்நான்கனுள் முதலில் நிற்பது காலம் நீட்டித்தல். நீட்டித்த செயல் மறந்துபோகும், மறந்தவன் சோம்புவான், சோம்பியவன் உறங்குவான். வள்ளுவர் அடுக்கிய வரிசையே வீழ்ச்சியின் படிகளாக அமைந்துள்ளது.

சோம்பல் வறுமையைத் தரும், குடியைக் கெடுக்கும் என்பது எல்லா நீதிநூல்களுக்கும் பொது. சமண நெறி அதற்கு மேலும் ஒரு படி செல்கிறது. உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் வினைக்கட்டிற்கு ஐந்து காரணங்களைச் சொல்கிறார். மித்தியாத்துவம், அவிரதி, பிரமாதம், கஷாயம், யோகம் என்பன அவை. நடுவில் நிற்கும் பிரமாதம் என்பதற்கு, நல்லனவற்றில் ஊக்கமின்மை என்று பூஜ்யபாதர் தம் சர்வார்த்தசித்தி உரையில் விளக்கம் தருகிறார். இன்றைய பேச்சுத் தமிழில் 'பிரமாதம்' என்றால் பாராட்டு. ஆகம வழக்கில் அதுவே பெருங்குற்றம். நான்கு வீண்கதைகள், நான்கு கஷாயங்கள், ஐம்புலன்கள், உறக்கம், பற்று என்று அதனைப் பதினைந்தாக விரித்துரைப்பர். மாவிரதம் ஏற்ற முனிவரையும் அது உடனே விட்டுவிடுவதில்லை. ஆறாம் குணத்தானத்திற்குப் பிரமத்த விரதம் என்றே பெயர்; ஏழாவதில்தான் அப்பிரமத்த நிலை வருகிறது. துறந்தவருக்கே அலை ஓயவில்லை என்றால், இல்லறத்தார் அலை ஓயும் என்று காத்திருப்பதில் என்ன பயன்?

அதே தத்துவார்த்த சூத்திரம், கொலைக்கு இலக்கணம் கூறும்போது, பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிருக்கு ஊறு செய்வது என்கிறது. இங்கேதான் சமணத்தின் தனித்தன்மை வெளிப்படுகிறது. சோம்பல் என்பது சோம்பியவனை மட்டும் கெடுக்கும் குற்றமன்று. பிற உயிருக்குக் கேடு செய்யும் குற்றம். அகிம்சை என்பது அடிக்காமல் இருப்பது மட்டுமன்று; விழிப்போடு இருப்பது.

இதற்கு வீட்டிலேயே சான்று உண்டு. மழைக்காலத்தில் மொட்டைமாடியில் ஒரு பழைய வாளி கிடக்கிறது. அதில் நீர் தேங்குகிறது. கவிழ்த்து வைக்க அரை நிமிடம் போதும். "நாளை பார்க்கலாம்" என்று விடுகிறார்கள். ஒரு வாரம், பத்து நாளில் அந்நீரில் கொசு முட்டையிட்டு, புழுவாகி, சிறகு முளைத்துப் பறந்துவிடுகிறது. பின்னர் கொசுவை அழிக்கப் புகை போடுகிறார்கள், மருந்து தெளிக்கிறார்கள். முதல் நாள் வாளியைக் கவிழ்த்திருந்தால் ஓர் உயிரும் பிறந்து மடிய வேண்டியதில்லை. வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சலும் வந்திருக்காது. கொன்றவர் கை கொலை செய்ய விரும்பவில்லை. ஆயினும் அக்கொலைக்குக் காரணம் ஒரு 'நாளை'. நீரை வடிகட்டிப் பருகுதல், பொழுது சாயுமுன் உண்ணுதல், அரிசியையும் பருப்பையும் பார்த்துப் புடைத்து எடுத்தல் என்று முன்னோர் வகுத்த பழக்கங்கள் யாவும் விழிப்பைக் கோருபவை. சோம்பியவர் அவற்றைக் கடைப்பிடிக்க இயலாது.

வீட்டிற்குப் பொருந்துவது ஊருக்கும் பொருந்தும். பெருங்குடிக்கு மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் உள்ளது. வலசை வரும் பறவைகளுக்கு உணவும் உறைவிடமும் அளிப்பது. மழைவெள்ளத்தை ஏந்திக் கொள்வது. 2022ஆம் ஆண்டு அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அதன் ஒரு பகுதியில்தான் பல ஆண்டுகளாக நகரின் குப்பை கொட்டப்பட்டு வந்தது. குப்பையை என்ன செய்வது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டதன் விளைவு அந்தக் குப்பைமேடு. இன்று அதனைத் தோண்டிப் பிரித்து அகற்றப் பெரும்பொருள் செலவாகிறது. ஈரக்குப்பையையும் உலர்குப்பையையும் வீட்டிலேயே பிரித்து வைக்க ஓரிரு நிமிடங்கள் போதும். அந்தச் சிறு விழிப்பும் ஓர் அகிம்சை விரதமே.

அப்படியானால் காத்திருப்பது எப்போதுமே தவறா என்று இளைஞர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வள்ளுவரே காலமறிதல் என்று ஓர் அதிகாரம் வைத்து, மீனுக்காக அசையாமல் நிற்கும் கொக்கை முன்மாதிரியாகக் காட்டுகிறார். நீலாங்கரை மீனவர்கள் படகைக் கடலில் தள்ளும் முறையைப் பார்த்தால் விடை கிடைக்கும். அவர்களும் காத்திருக்கிறார்கள். இரண்டு அலைகளுக்கு இடையிலான இடைவெளியைக் கண்டு, அந்த நொடியில் தள்ளுகிறார்கள். அவர்கள் அலைக்கு இடையே காலம் பார்க்கிறார்கள். அலையே இல்லாத காலத்தைப் பார்ப்பதில்லை. கொக்கு மீனுக்காகக் காத்திருக்கிறது. குளம் வற்றட்டும் என்று காத்திருப்பதில்லை. செயலை நோக்கிய காத்திருப்பு பொறுமை; செயலிலிருந்து விலகிய காத்திருப்பு சோம்பல். புயல் எச்சரிக்கை விடுத்த நாளில் கடலில் இறங்குவது அறிவுடைமை ஆகாது என்பதையும் பிள்ளைகளுக்குச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இப்பழமொழியைத் தாங்கிவரும் நாலடியார் இன்று கிடைப்பதே ஒரு பாடம். வைகையில் இடப்பட்ட ஏடுகளுள் நானூறு மட்டும் எதிர்நீந்தி வந்தன என்பது மரபுவழிக் கதை. அக்கதையை வேறொரு வகையிலும் பொருள் கொள்ளலாம். பனையோலை நிலையானதன்று. கறையானும் ஈரமும் அதனை அரித்துவிடும். சில தலைமுறைக்கு ஒருமுறை யாரேனும் ஒருவர் அமர்ந்து, பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுத்தாணியால் கீற வேண்டும். அவர்களுக்கும் உழவு இருந்தது, குடும்பம் இருந்தது, பஞ்சமும் நோயும் இருந்தன. ஒரு தலைமுறை முழுவதும் "பிறகு" என்று சொல்லியிருந்தால் நாலடியார் இல்லை. காலவெள்ளத்தை எதிர்த்து ஏடு வந்தது என்றால், அதனை எதிர்நீந்தச் செய்தவை படி எடுத்தவர்களின் கைகள். படி எடுக்க எவரும் எஞ்சாத நூலுக்கு நேர்ந்தது என்ன என்பதற்கு வளையாபதி சான்று. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய அதில் இன்று கிடைப்பவை சுமார் 72 பாடல்களே.

சீவக சிந்தாமணியின் வரலாறு இதற்கு மறுபக்கம். உ.வே. சாமிநாதையர் 1880இல் கும்பகோணத்தில் அந்நூலின் பொருளைத் தேடத் தொடங்கியபோது, அவ்வூர்ச் சமணர் இல்லம் ஒன்றிற்குச் சென்றார். வாயிலில் தோரணமும் கோலமும் கண்டு காரணம் கேட்டார். அவ்வீட்டார் தொடர்ந்து படித்துவந்த சிந்தாமணி அன்று நிறைவெய்தியதை முன்னிட்டே அந்த அலங்காரம் என்று அறிந்து வியந்தார். அவர்கள் உதவியால் ஐயங்கள் நீங்கின. 1887இல் நூல் அச்சேறியது. அந்தக் குடும்பத்தார் இல்லறக் கடமையெல்லாம் முடிந்த பிறகு படித்தவர்கள் அல்லர். உலையும் உழைப்பும் நடந்துகொண்டிருக்க, இடையே படித்தவர்கள். நாள்தோறும் சில பாடல்கள். அலைக்கு இடையே முழுகியவர்கள் அவர்கள். தமிழ் உலகிற்கு ஒரு காப்பியம் உயிரோடு கிடைக்க அந்த வாசிப்பும் துணை நின்றது.

இன்று வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரத்து ஊர்களிலிருந்து வந்து சென்னையில் வாழும் சமணக் குடும்பங்கள் பல. ஊரில் ஜினாலயம் உண்டு. அங்கே விளக்கேற்ற முதியவர் ஒருவரோ இருவரோ இருப்பர். பாட்டியார் நாவில் தோத்திரங்களும், நோன்புக் கதைகளும், எந்தத் திதியில் எதை விலக்க வேண்டும் என்ற முறையும் உண்டு. அவற்றை எழுதி வைக்க வேண்டும், பேரப்பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும் என்ற எண்ணம் எல்லோருக்கும் உண்டு. ஓய்வு பெற்ற பிறகு, வேலைப்பளு குறைந்த பிறகு, விடுமுறை வந்த பிறகு என்று அது தள்ளிப்போகிறது. கரையில் நிற்பவருக்கு அலை ஓய்வதில்லை. ஆனால் பாட்டியார் குரல் ஒருநாள் ஓய்ந்துவிடும். அதன் பின் எவ்வளவு ஓய்வு கிடைத்தாலும் அதனால் பயனில்லை.

சமண நெறி இதற்கு வழியும் காட்டியுள்ளது. இறைவழிபாடு, குருபணி, நூலோதல், புலனடக்கம், தவம், தானம் என்ற ஆறும் இல்லறத்தாருக்குரிய அன்றாடக் கடமைகள். முதுமைக் கடமைகள் என்று எங்கும் சொல்லப்படவில்லை. சாமாயிகத்திற்கு வகுத்த காலம் இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம். அதுவும் இயலாத நாளில் ஒரு பாடல் ஓதலாம். ஒரு பிடி அரிசி தானத்திற்கென எடுத்து வைக்கலாம். ஊரில் இருக்கும் பெரியவரைத் தொலைபேசியில் அழைத்து, ஒரு நோன்புக் கதையைச் சொல்லச் செய்து கைப்பேசியில் பதிவு செய்யலாம். கரும்பைப் பிழிந்து சாறெடுத்தவர்கள் சக்கை எரியும்போது வருந்துவதில்லை என்று நாலடியார் ஓரிடத்தில் கூறும். உடம்பு என்னும் கரும்பில் சாறு உள்ளபோதே அறம் என்னும் பயனைப் பிழிந்துகொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து.

விழா முடிந்து இல்லம் திரும்பும்போது ஆயிரம் வேலைகள் காத்திருக்கும். அவை குறையப் போவதில்லை. குறைய வேண்டும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். இன்றிரவு உறங்குமுன் நாலடியாரின் ஒரு பாடலைப் பிள்ளைகளோடு சேர்ந்து படித்தால், அந்த வீட்டார் கரையை விட்டு நீரில் கால் வைத்துவிட்டார்கள் என்று பொருள்.

அறம் வளர்க! அருள் பெருகுக! எல்லா உயிர்களும் இன்புற்று வாழ்க!